ஐந்நூறு ரூபாய்த் தண்ணீரும் கை நனைக்காத விருந்தும்

போன வாரம் எழுதியதில் ஓர் இடத்தில் மகள் வீட்டுக்கு லிஃப்டில் போனதாகவும், இன்னோர் இடத்தில் படியேறி மூச்சு வாங்கியதாகவும் எழுதிவிட்டேனாம். மகள் போன் போட்டுச் சிரித்தாள். அந்தக் கட்டடத்தில் இரண்டும் உண்டு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது, அதுதான் விஷயம். என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். எழுத்தும் கோணல், ஞாபகமும் கோணல். முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஒரு மீன் தட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள், பெரிய தட்டில் ஐஸைப் பரப்பி, அதன்மேல் பச்சை மீன்களை வரிசையாகப் படுக்கவைத்து, என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தட்டை நீட்டுவது போல அப்படி ஒரு குனிவு. ஒன்றைக் கை காட்ட வேண்டுமாம். உள்ளே கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டு வருவார்களாம். எடைக்குக் காசு. நாம் தின்கிற சதைக்கு மட்டும் இல்லை, தலை, வால், முள் எல்லாவற்றுக்கும் சேர்த்து எடை.

மேசையில் நாங்கள் நாலு பேர். நான், என் மகள் செல்வி, செல்வி கட்டிக்கொள்ள நினைக்கிற பவுல், அவரைப் பெற்ற மரியா. பக்கத்தில் கடல். மற்ற மூன்று பேரும் அந்தத் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள், அந்த மீன்கள் உட்பட.

நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். ஆள் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. செல்வியின் காதில் மட்டும் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லு. நான் இங்க கை நனைக்க மாட்டேன்."

எதற்குப் போனேன்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. செல்வி மால்டாவில் நர்ஸ். மால்டா என்பது மத்தியதரைக் கடலுக்கு நடுவில் கிடக்கிற ஒரு சின்னத் தீவு. நம் மணமேல்குடி தாலுகா அளவாவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அதில் கடலோரமாக ஒரு பட்டணம். அங்கே மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறாள்.

மகளைப் பார்க்கப் போகிறேன் என்றுதான் எங்கள் ஊர் மீமிசலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உண்மையில் பார்க்கப் போனது பவுலை. படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர், நாற்பது வயசு இருக்கும். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் என்பது எனக்குப் பெரிசாகப் படவில்லை. மணமேல்குடிப் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு பவுல் உண்டு, நமக்குத் தாயாய்ப் பிள்ளையாய்ப் பழகுகிறவர்கள்தான். என் கவலை அது இல்லை.

செல்விக்கு இது இரண்டாம் கல்யாணம்.

போய் இறங்கிய அன்றைக்கே அவள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நீ சரின்னா சரி. வேணாம்னா வேணாம், நான் அவருகிட்ட சொல்லிக்கிறேன். ஆனா ஊருக்குப் போறதுக்குள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிரு. மண்டைய ஆட்டிட்டு பிளேன் ஏறிராத."

வாயைத் திறந்து சொல்வதுதான் எனக்கு வராத வேலை. என் வீட்டுக்காரர் இருந்தவரை எந்தக் கல்யாணப் பேச்சானாலும் அவர் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். நான் அடுப்படியில் நின்று காது கொடுப்பேன். அவர் போன பிறகு வந்த முதல் பேச்சு இது. பேச வேண்டிய ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது.

கடலுக்கும் சேர்த்து விலை

அந்த ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். வயிறு எரிந்தால் நான் பொறுப்பில்லை.

யூரோவை நூறால் பெருக்கினால் கிட்டத்தட்ட நம் ரூபாய் என்று செல்வி சொல்லிக்கொடுத்தாள். ஏன் சொல்லிக்கொடுத்தோம் என்று பிறகு வருந்தியிருப்பாள். சாயங்காலம் கடற்கரையோரம் நடந்தால், ஒவ்வொரு ஹோட்டல் வாசலிலும் விலை எழுதிய பலகை நிற்கும். நானும் ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்பேன். பெருக்கல் வாய்ப்பாடு இத்தனை வயசுக்கு மேல் எனக்கு உபயோகப்பட்டது அங்கேதான்.

காபி, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடை அளவுக் கோப்பையில். முந்நூறு ரூபாய். அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். குடிக்கிற மாதிரியும் தெரியவில்லை, ஆறுகிற கவலையும் இல்லை.

ஒரு தட்டு நிறைய பச்சை இலை. வேக வைக்கவில்லை, தாளிக்கவில்லை, மேலே நாலு தக்காளித் துண்டு. ஆயிரத்து இருநூறு. அதைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டு ஆடு இவ்வளவு பவிசாகத் தின்று நான் பார்த்ததில்லை.

தண்ணீர். இதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் ஐந்நூறு ரூபாய். எங்கள் ஊரிலும் நிலத்தடித் தண்ணீர் உப்புதான், குடம் இவ்வளவு என்று வண்டிக்காரரிடம் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சோற்றுக்கு உட்கார்ந்தவன் விக்கினால் தண்ணீருக்குக் காசு கேட்கிற கடை எங்கள் பக்கம் ஒரு நாள் நடக்காது.

இன்னொரு கூத்து. கடலைப் பார்த்து நாற்காலி போட்ட கடையில் ஒரு விலை. ஒரு தெரு உள்ளே தள்ளிப் போனால் அதே சாமானுக்குப் பாதி விலை.

"அப்ப மீதிப் பாதி எதுக்கு?" என்று கேட்டேன்.

"வியூவுக்கும்மா. கடல் தெரியுதுல்ல."

கடலுக்கு இவர்கள் வாடகை வாங்குகிறார்கள். தண்ணீர் என்னமோ வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டது போல நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கடல் கலங்கல். அதற்காக, பார்க்கிற கண்ணுக்குக் காசு வைத்தால் மீமிசல் பொம்பளைகள் விளக்குமாற்றை எடுத்துவிடுவார்கள்.

அந்நிய ஊர்க்காரனை மட்டும் சொல்லக் கூடாது. அங்கே நம் ஆட்கள் கடையும் இருக்கிறது. ஆசையாகத் தோசை கேட்டேன். எண்ணூறு ரூபாய்க்கு ஒரு தோசை வந்தது. சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் திருடினால் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுத் திருடுகிறான். நம் ஆள், "எந்த ஊருக்கா?" என்று பாசமாகக் கேட்டுவிட்டுத் திருடுகிறான்.

ஒன்றே ஒன்றை நல்லதாகச் சொல்லலாம். உள்தெருவில் சந்துக்கு ஒரு கடையில், பப்ஸ் மாதிரி ஒரு பலகாரம் சுடச்சுடத் தருகிறார்கள். உள்ளே பட்டாணியை மசித்து வைத்திருக்கும். தாளில் சுற்றித் தருவார்கள், நின்றுகொண்டே தின்ன வேண்டும். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எண்ணெய் அதிகம்தான். ஆனாலும் அந்தத் தீவில் நான் திட்டாமல் தின்ற ஒரே பண்டம் அது.

தண்ணீர்கூடத் தொடாதவர்கள்

கை நனைப்பது என்றால் என்ன என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். எங்கள் பக்கம், சம்பந்தம் பேசப் போகிற வீட்டில் பேச்சு முடிகிற வரைக்கும் சாப்பிட மாட்டார்கள். இலையில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பின்வாங்க முடியாது. வேண்டாம் என்று நினைக்கிறவர்கள், "இன்னொரு நாளைக்குக் கை நனைச்சுக்கிறோம்" என்று எழுந்துவிடுவார்கள். யாரும் யாரையும் முகத்துக்கு நேரே மறுக்க வேண்டியதில்லை. என்னைப் போல வாயில்லாதவர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்த முறை என்று நினைத்துக்கொள்வேன்.

செல்வியின் முதல் சம்பந்தம் அறந்தாங்கிப் பக்கம். அவர்கள் வேனில் வந்து இறங்கியபோது நல்ல வெயில். செம்பில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன். "பேச்சு முடியட்டும்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. எங்களுக்கு எவ்வளவு பெருமை. முறை தெரிந்த வீடு என்று என் வீட்டுக்காரர் உள்ளே வந்து என்னிடம் சொன்னார். பேசி முடித்து, வெற்றிலை மாற்றி, அதன் பிறகுதான் இலை போட்டோம். ஆட்டுக்கறி. "இன்னும் கொஞ்சம் வெந்திருக்கலாம்" என்று அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னாள். சொல்லிக்கொண்டே மூன்று தரம் போட்டுக்கொண்டாள்.

மூன்றாவது வருசம் என் மகள் ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். ஏன் என்று இங்கே எழுத மாட்டேன். அவள் இதைப் படிப்பாள்.

இத்தனை முறையும் பார்த்துச் செய்துதான் அது அப்படிப் போனது. அப்படியும் முறையை விட எனக்கு மனசு வரவில்லை. ஒரு தடவை வீடு களவு போனவள் பூட்டைத் தூக்கிப் போட மாட்டாள். இரண்டு பூட்டாகத் தொங்கவிடுவாள்.

ரொட்டிச் சண்டை

சரி, மீன் தட்டுக்கு வருகிறேன்.

எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று செல்வி எதையோ சொல்லிச் சமாளித்தாள். மற்றவர்களுக்கு மீன் சுட்டு வந்தது. மசாலா கிடையாது. எண்ணெயும் எலுமிச்சம்பழமும், அவ்வளவுதான். மரியா பெரிய உடம்புக்காரி, முழங்காலுக்குக் கட்டுப் போட்டிருந்தாள். என் பக்கம் ரொட்டிக் கூடையை நகர்த்தி, "குல், குல்" என்றாள். அவர்கள் பாஷையில் சாப்பிடு என்று அர்த்தமாம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தேன். மறுபடியும், "குல்." மறுபடியும் சிரித்தேன். மீன் தீர்கிறவரைக்கும் அவள் சொல்வதும் நான் சிரிப்பதுமாகப் போனது. பவுலும், செல்வி சொல்லிக்கொடுத்த தமிழில், "சாப்பிடுங்க அம்மா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஐந்நூறு ரூபாய்த் தண்ணீரையும் தொடவில்லை. தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது.

பில் வந்தது. மரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது. வெள்ளைச் சட்டைக்காரரைக் கூப்பிட்டாள். கேட்காமலே வைத்த ரொட்டிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். நான்தான் தொடவே இல்லையே. கூடையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே காட்டி அவள் பேசிய பேச்சு எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அது என்ன பேச்சு என்று நன்றாகத் தெரிந்தது. சந்தையில் நானும் அப்படித்தான் பேசுவேன், மனசுக்குள்ளே.

பிறகுதான் அது நடந்தது. பவுல் கார்டை எடுத்தார். செல்வி அவர் கையை மறித்துத் தன் கார்டையும் நீட்டினாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். மெஷினில் பாதி இதில், பாதி அதில்.

வெளியே வந்து அவர்கள் போன பிறகு செல்வியிடம் சொன்னேன்.

"நல்லாப் பாத்துக்க ஏத்தா. பாதிய ஒங்கிட்ட வாங்கிட்டாங்க. சம்பந்தம் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"இங்க அப்படித்தாம்மா. ஆளுக்குப் பாதி போட்டுக்குவோம்."

"நம்மளக் கூட்டிட்டு வந்து ஒக்கார வச்சது அவங்க. சோறு போட்டவன் காசு வாங்குனா அது கடை. அதுல என்ன ஒறவு இருக்கு?"

"வாங்கல. நானாக் குடுத்தேன். நீ மட்டும் என்னவாம்? பச்சத் தண்ணி தொடல. அவங்க அம்மா மொகத்தப் பாத்தியா நீ?"

"எங்க பாக்குறது. நான் மேசையத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப வேணாம்னு சொல்லிரவா?"

நான் மறுபடியும் முந்தானையை வாய்க்கு இழுத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தாள். பிறகு எனக்கு முன்னால் போய்விட்டாள். நர்ஸ் நடை, வேகமாக இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால், பையோடு வந்து நின்ற அன்றைக்கு இருந்த அதே தோள்.

மரியா படியேறி வந்தாள்

இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து ஒரு மத்தியானம். செல்வி டியூட்டிக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய மீனில் நான் குழம்பு வைத்து இறக்கியிருந்தேன். அந்தக் கடைக்காரர் தட்டில் ஏந்தி நின்ற அதே சாதி மீன், விலையில் கால் பங்கு. புளி அங்கே கிடைத்தது. மிளகாய்ப்பொடி நான் ஊரிலிருந்து கொண்டுபோனது.

கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் மரியா. லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. கட்டுப் போட்ட முழங்காலோடு மூன்று மாடி ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். கையில் துண்டு சுற்றிய பாத்திரம். கக்கத்தில் ஒரு ரொட்டி.

"வாங்க" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். பாத்திரத்தைத் திறந்து என் பக்கம் நகர்த்தினாள். கறி. "குல்" என்றாள்.

நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். இப்போது மேசையைப் பார்த்துத் தப்பிக்க முடியவில்லை, இரண்டே பேர்தான் இருந்தோம். கோபம் மாதிரி இல்லை. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாதவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. சொல்லிப் புரியவைக்க என்னிடம் பாஷை இல்லை. இருந்தாலும் வாய் வந்திருக்காது.

அப்போது அவள் மூக்கு அடுப்புப் பக்கம் திரும்பியது. எழுந்து போனாள். கேட்கவும் இல்லை, சட்டியின் மூடியைத் தூக்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"மீன் கொழம்பு. ஒறைக்கும்" என்றேன்.

கக்கத்திலிருந்த ரொட்டியைப் பிய்த்தாள். சட்டிக்குள் விட்டாள். ரொட்டி மட்டும் இல்லை, நாலு விரலும் குழம்பில் முங்கி எழுந்தது. வாயில் போட்டாள். முகம் சிவந்தது. இருமினாள். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். சரி, இதோடு விட்டுவிடுவாள் என்று பார்த்தால், இன்னொரு துண்டு பிய்த்தாள்.

 மாப்பிள்ளையைப் பெற்றவள், பேச்சு முடியாமல், என் மகள் வீட்டில் கை நனைத்துவிட்டாள்.

அவளுக்கு அதன் அர்த்தம் தெரியாது. தெரியாமல் செய்தால் கணக்கில் சேருமா என்று அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். அறந்தாங்கிக்காரர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்த வெயிலில் செம்புத் தண்ணீரைக்கூடத் தள்ளி வைக்கத் தெரிந்திருந்தது. இவளுக்கு ஒரு முறையும் தெரியவில்லை, அடுத்தவள் சட்டியைத் திறக்கக் கூடாது என்பதுகூட. மூக்கைச் சிந்திக்கொண்டு மூன்றாவது துண்டைப் பிய்க்கிறாள்.

இரண்டு தட்டு எடுத்தேன். அவளுக்குக் குழம்பை ஊற்றி நாற்காலியைக் காட்டினேன். எனக்கு அவள் பாத்திரத்திலிருந்து போட்டுக்கொண்டேன். கையாலேயே பிய்த்துச் சாப்பிட்டேன்.

முயல் கறி. எலும்பைக் கடித்ததும் தெரிந்தது. மற்றபடி எதுவும் தெரியவில்லை. உப்பு மட்டு. மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அந்தப் பாத்திரத்துக்குத் தெரியாது. ஒரு புளிப்பு மட்டும் இருந்தது, அதுவும் என்ன புளிப்பு என்று பிடிபடவில்லை. தட்டைக் காலி செய்தேன். அவள் இன்னும் போட்டாள். வேண்டாம் என்றேன். நம் ஊர் மாதிரியே, வேண்டாம் என்றால் காதில் வாங்கவில்லை. அதையும் தின்றேன்.

சாயங்காலம் செல்வி வந்தாள். கழுவப் போட்டிருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"யாரும்மா வந்தது?"

"ஒன் மாமியா."

பையைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றாள்.

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வாயில வைக்க வெளங்கல."

அவள் பாத்திரத்தைத் திறந்து, அடியில் ஒட்டியிருந்ததை விரலில் தொட்டு நக்கினாள். பிறகு அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அழுகையும் கூடவே வந்தது.

"அம்மா, இத ஒயின்லதாம்மா வேக வைப்பாங்க."

"சொல்லித் தொலைக்க மாட்டாளா அந்தப் பொம்பள" என்றேன். என் வாழ்நாளில் சாராய வாடை அடித்தாலே மூக்கைப் பொத்தியவள் நான்.

மரியா ஏன் வந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் சாப்பிடாததற்குக் காரணம் அந்தக் கடைதான் என்று அவளே முடிவு செய்துகொண்டாளாம். அது ஊர் சுற்ற வருகிறவர்களைத் தோலுரிக்கிற கடை, கௌரவமான பொம்பளை யாரும் அங்கே வாய் வைக்க மாட்டாள், செல்வி அம்மாவை அங்கே ஏன் கூட்டிப்போனாய் என்று மகனை இரண்டு நாள் திட்டினாளாம். காரணம் தப்பு. ஆனால் அவள் திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

இதில் எழுதியிருக்கிற விலைகளை எனக்கு ஞாபகம் இருக்கிற அளவில்தான் எழுதியிருக்கிறேன். காபி முந்நூறா அதற்கும் மேலா, இலைத் தட்டு ஆயிரத்து இருநூறா ஆயிரத்து ஐந்நூறா, நிச்சயம் இல்லை. மருமகனைக் கேட்டால், மாமியார் மனசு நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் பாதியாக்கிச் சொல்கிறார். சம்பந்தியைக் கேட்டால் இரண்டு மடங்காக்கிச் சொல்லி, கூடவே அந்தக் கடைக்காரரின் அப்பாவையும் திட்டுகிறாள். இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று அந்தப் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.